ஒரே முட்டி விதி

நெடுந்தூர விமானங்களில் எகானமி வகுப்பில் போகிறவர்களுக்கு முட்டி வலிக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஓர் ஆணையம் இருக்கிறது. வலிக்கிறவர்களையே கேட்டால் சொல்லிவிடுவார்களே என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றுகிறவர்களை ஆணையத்தில் வேலைக்கு எடுப்பதில்லை.

முழுப்பெயர் நெடுந்தூர வான்பயண சுக ஒப்பீட்டு ஆணையம். எந்தக் கம்பெனியின் விமானத்தில் சுகம் அதிகம் என்று வருடத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்து, முதலில் வந்த கம்பெனிக்குத் தங்கமுலாம் பூசிய தலையணை ஒன்றைப் பரிசாகக் கொடுப்பார்கள். அதில் தலை வைத்தால் மண்டை வீங்கும். ஆணையத்தின் தலைவருக்கு ஆணையர் என்று பெயர். அவர் இன்றுவரை எகானமியில் உட்கார்ந்தது கிடையாது. உட்கார்ந்தால் நடுநிலை கெட்டுவிடுமாம். அதனால் முதல் வகுப்பில் படுத்துக்கொண்டே போய் வருகிறார். இந்தத் தியாகத்தைப் பற்றி அவரே பல மேடைகளில் தொண்டை அடைக்கப் பேசியிருக்கிறார்.

இது எதுவும் தெரியாமல் மருந்துக்கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் ஒரு சந்து மாதிரி இடத்தில் ஜெராக்ஸ் கடை நடத்திக்கொண்டிருந்தார் ஒருவர். விரலெல்லாம் மை. பேச்சு கம்மி. அம்மா போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியது அவருடைய அக்கா. அந்த அக்கா இப்போது கடல் தாண்டி வேறொரு நாட்டில் மகனோடு இருந்தாள். அந்த மகன்தான் ஒருநாள் காலையில் போன் செய்தான்.

"மாமா, டாக்டர் கைய விரிச்சுட்டாரு. நீங்க உடனே கிளம்பி வாங்க."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. போனை வாங்கிப் பேசினாள். மூச்சு வாங்கியது.

"பெருசா விஷயம் ஒண்ணும் இல்லடா. உன்ன ஒரு தடவ பாக்கணும். அவ்வளவுதான்."

அவர் பாதி ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார். யாருடைய கல்யாணப் பத்திரிகையோ பாதியில் நின்றது. கடையைப் பூட்டிவிட்டு நேராக டிக்கெட் போடுகிற ஆளிடம் போனார். அந்த ஆள் பார்த்து, விமானத்துக்கெல்லாம் மஞ்சள் அடித்த ஒரு கம்பெனியில் சல்லிசாக ஒன்று போட்டுக் கொடுத்தார். வழியில் ஓர் ஊரில் இறங்கி, அதே கம்பெனியின் இன்னொரு விமானத்தில் ஏற வேண்டும். மறுநாள் அக்காவைப் பார்த்துவிடலாம். அக்கா அதுவரை தாங்குவாள் என்று மருமகனும் சொன்னான்.

விமான நிலையத்தில் பெட்டியை எடை போட்ட பெண் அழகாகச் சிரித்தாள். ஆணையத்தின் ஒப்பீட்டு வாரம் நடப்பதால் எல்லோரும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிற்பாடுதான் அவருக்குத் தெரிந்தது.

"எதுக்காகப் போறீங்க சார்? சுற்றுலாவா, விடுமுறையா, தேனிலவா?"

"அக்காவுக்கு ரொம்ப முடியலம்மா. பாக்கப் போறேன்."

அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றது. தலையைத் தாழ்த்தி மெதுவாகக் கேட்டாள்.

"விடுமுறைன்னு போட்டுக்கட்டுமா சார்?"

"விடுமுறை இல்லையேம்மா."

"துக்கத்துல இருக்கறவங்க எல்லாத்துக்கும் கம்மியாத்தான் மார்க் போடுவாங்க சார். எங்க கம்பெனிக்குக் கெட்ட பேர். நீங்க கொஞ்சம் சந்தோஷமா இருக்கறதா ஒத்துக்கிட்டீங்கன்னா ஜன்னல் சீட் தரலாம்."

அவருக்கு அப்படி ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. அந்தப் பெண்ணும் நல்ல பெண்தான். கையைப் பிசைந்துகொண்டு, அவருடைய பெயருக்கு நேராக 'விலக்கு' என்று அடித்தாள், அதாவது ஒப்பீட்டுக் கணக்கில் சேராதவர். கடைசி வரிசையில் இடம் கிடைத்தது.

கடைசி வரிசை என்றால் கழிப்பறைச் சுவரில் முதுகு ஒட்டுகிற வரிசை. இருக்கை பின்னால் சாயாது. முன் இருக்கைக்காரர் சாய்ந்தால் அவருடைய உச்சந்தலை நம் மூக்குக்குக் கீழே வந்துவிடும். விலக்கு பெற்றவர்கள் எல்லோரையும் அங்கேதான் அடைத்திருந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரருக்குப் பக்கத்தில் பருத்த உடம்போடு ஒரு பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுக்க ஊரையே ஏற்றிக்கொண்டு போனவர், அன்றைக்குத் தன் முழங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்னத்துக்காக விலக்கு?" என்று கேட்டார் டிரைவர்.

"அக்கா. ஆஸ்பத்திரியில. நீங்க?"

"பையன். கட்டட வேலைக்குப் போனவன் சாரத்துல இருந்து விழுந்துட்டான். கண்ணு முழிக்கலன்னாங்க. சந்தோஷமா இருக்கேன்னு ஒத்துக்கச் சொன்னாங்க. போடீன்னு சொல்ல வாய் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்."

இரண்டு பேரும் போவது ஒரே ஊருக்கு, ஒரே பெரிய ஆஸ்பத்திரிக்கு என்று பேச்சில் தெரிந்தது. அதற்குப் பிறகு டிரைவர் முழங்கையை ஜெராக்ஸ் கடைக்காரரின் கைமேலேயே வைத்துக்கொண்டார். இவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

விமானம் மேலே ஏறியதும் சுகம் ஆரம்பித்தது. ஆணையத்தின் ஒப்பீட்டாளர் என்று ஒரு இளம்பெண் கையில் மர ஸ்கேலோடு வரிசை வரிசையாக நடந்தாள். பணிப்பெண்கள் எத்தனை பல் தெரியச் சிரிக்கிறார்கள் என்று எண்ணினாள். போர்வை மூக்குவரை வருகிறதா என்று இழுத்துப் பார்த்தாள். தூங்குகிறவர்களை எழுப்பி, "தூக்கம் நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள். ஆணையத்தின் கணக்கில் வருகிற வரிசைகளுக்குப் பழச்சாறு வந்தது, திரும்ப வந்தது, வேண்டாம் என்றவர்களுக்கும் வந்தது. சாப்பாட்டு வண்டி கடைசிக்கு முந்தின வரிசையோடு நின்று, அப்படியே பின்வாங்கிப் போனது. டிரைவர் கையைத் தூக்கிக் கூப்பிட்டார். ஒரு பணிப்பெண் ஓடிவந்து காதோடு சொன்னாள்.

"உங்களுக்குக் குடுத்தா கணக்குல வராது சார். கணக்குல வர்ற ஒருத்தருக்குக் குறைஞ்சுரும். தப்பா எடுத்துக்காதீங்க."

பட்டப்பகலில் ஜன்னல்களையெல்லாம் மூடி விளக்கை அணைத்து, இப்போது ராத்திரி என்று அறிவித்தார்கள். ஒப்பீட்டுக்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டதாம்.

இதற்குள் முன் வரிசையில் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. அதைப் புரிந்துகொள்ள ஆணையத்தின் 'ஒரே முட்டி விதி' தெரிந்திருக்க வேண்டும். ஒரே முட்டி மஞ்சள் விமானத்திலும் உட்கார வேண்டும், பச்சை விமானத்திலும் உட்கார வேண்டும். அப்போதுதான் ஒப்பீடு. அதற்காகச் சராசரி நீளத்தில் கால் உள்ள ஒரு புது மாப்பிள்ளையைப் பிடித்து வைத்திருந்தார்கள். முதல் பாதி மஞ்சளில், இரண்டாம் பாதி பச்சையில் என்று ஏற்பாடு. அந்தப் பிள்ளைக்குப் பழச்சாறு ஊற்றி ஊற்றி, போர்வை போர்த்திப் போர்த்தி, கடைசியில் அவன் மனைவியின் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டான். இனிமேல் ஒரு அடிகூட நகரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

ஒப்பீட்டாளர் பெண் முகம் வெளிறிப் போய்ப் பின்பக்கம் வந்தாள். கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்திருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது. திரும்புகிற வழியில் ஜெராக்ஸ் கடைக்காரரின் முட்டி கண்ணில் பட்டது. முன் இருக்கையில் இடித்துக்கொண்டு, பாவமாக இருந்தது. அவள் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். திருப்பி வைத்துப் பார்த்தாள்.

"சார், உங்க முட்டி அப்படியே சராசரி."

அவர் தன் முட்டியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நன்றி என்றார்.

வழியில் இறங்க வேண்டிய ஊரில் இறங்கியதும் அவரைத் தனியாக ஓர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டிரைவரும் விடாமல் கூடவே போனார். அங்கே ஆணையர் முதல் வகுப்பில் தூங்கிய களையோடு, தலைமுடி ஒரு பக்கம் மட்டும் நசுங்கி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, வாங்க. உங்களால ஒரு வருஷ உழைப்பு காப்பாத்தப்பட்டுருக்கு" என்றார் ஆணையர். "இங்கேயிருந்து நீங்க பச்சை விமானத்துல போறீங்க. கொஞ்சம் தாமதமாக் கிளம்பும். நல்ல விமானம்."

"ஐயா, நான் மஞ்சள்லயே போயிடறேன். அக்கா காத்துக்கிட்டு இருக்கா. நேரம் இல்ல."

"நேரம் வேற பிரிவு. அதுக்குத் தனி ஆணையம் இருக்கு. அவங்களும் தாமதமாத்தான் அறிக்கை குடுப்பாங்க."

"அவ உசிரு போயிட்டு இருக்குய்யா."

ஆணையர் எழுந்து நின்றார். கேட்பவர்கள் மூன்று பேர்தான் என்றாலும் அவருக்கு மேடைக் குரல் வந்துவிட்டது.

"பெரியவரே, நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. எங்கம்மா போனப்போகூட நான் ஒரு ஒப்பீட்டுக் கூட்டத்துலதான் இருந்தேன். எழுந்து போனேனா? போகல. ஏன்? தலைகாணியோட மென்மை பத்தி விவாதம் நடந்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு முட்டி மஞ்சள்ல படற பாட்டையும் அதே முட்டி பச்சையில படற பாட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான் அது விஞ்ஞானம். வேற வேற முட்டின்னா அது வெறும் புலம்பல். உலகத்துல புலம்பல் நிறைய இருக்கு. அதுக்கு நாங்க தேவையில்ல."

ஒப்பீட்டாளர் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஐயா, இவர் விலக்குப் பட்டியல்ல இருக்காரு. துக்கத்துல இருக்கறவங்கள எடுக்கக் கூடாதுன்னு நாமதானே விதி போட்டோம்?"

ஆணையர் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"துக்கம் எங்கம்மா இருக்கு? நெஞ்சுல. நாம எதை எடுக்கறோம்? முட்டியை. முட்டிக்கு அக்கா கிடையாது."

ஜெராக்ஸ் கடைக்காரர் கை கூப்பினார். கெஞ்சினார். சல்லிசான டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாவற்றுக்கும் சம்மதித்தவர்கள் என்று அவருக்கு விளக்கப்பட்டது. மஞ்சளில் அவருடைய இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. பெட்டியையும் பச்சைக்கு மாற்றியாகிவிட்டது. பெட்டி எந்த மறுப்பும் தெரிவிக்கவில்லை என்று ஆணையர் சுட்டிக்காட்டினார்.

டிரைவருக்குப் பல் நறநறவென்றது. கையை ஓங்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தார். ஜெராக்ஸ் கடைக்காரர்தான் அவர் தோளைப் பிடித்து இழுத்தார்.

"நீங்க போங்க. உங்க பையன் கிடக்கான். நீங்களும் மாட்டிக்காதீங்க."

வெளியே வந்து மருமகனுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தார். அந்த ஊரில் அவருடைய சிம் வேலை செய்யவில்லை. விமான நிலையத்து இணைய வசதிக்கு மனுப் போட்டால், உங்கள் போனுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம், அதைச் சொல்லுங்கள் என்றது. வேலை செய்யாத போனுக்கு அனுப்பிய எண்ணை அவர் எப்படிச் சொல்வார்? டிரைவரின் போனும் அதே கதைதான்.

மஞ்சள் விமானத்துக்கு அழைப்பு வந்தது. டிரைவர் போகாமல் நின்றார்.

"அண்ணே, என்ன செய்யணும், சொல்லுங்க."

"மூணாவது மாடின்னு மருமகன் சொன்னான். ஜன்னலோரக் கட்டில். உங்க பையனப் பாத்துட்டு, முடிஞ்சா ஒரு எட்டு போங்க. தம்பி வந்துக்கிட்டே இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்."

டிரைவர் தலையை ஆட்டினார். பேசினால் உடைந்துவிடுவார் போலிருந்தது. திரும்பிப் பார்க்காமல் போனார்.

பச்சை விமானத்தில் ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ராஜ மரியாதை. முட்டியில் ஆணையத்தின் முத்திரை ஒட்டினார்கள். சூடான துண்டு வந்தது, சாப்பாடு வந்தது, அதை முடிப்பதற்குள் அடுத்த சாப்பாடு வந்தது. தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. இருந்தும் கணக்குக்காகத் தட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர் எதிரில் இருந்த சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு பொம்மை விமானம் நீலக் கடலின் மேல் அசையாமல் நின்றது. அக்கா ஜன்னலோரம்தான் படுத்திருக்கிறாள் என்று நினைத்தார். வாசலைப் பார்த்துப் படுக்கவைத்திருப்பார்களா, ஜன்னலைப் பார்த்தா என்று அவருக்கு ஒரு கவலை வந்தது. அந்தக் கவலையில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. உடம்பெல்லாம் குலுங்கியது.

ஒப்பீட்டாளர் பெண் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க அழுதா முட்டி ஆடுது. அளவு எடுக்க முடியல."

அவர் அழுகையை நிறுத்தினார். நிறுத்த முடிந்ததை நினைத்து அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் ஸ்கேலை வைத்து அளந்தாள். அளந்து முடித்த பிறகும் அவள் உடனே எழுந்து போகவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் நடைபாதையில் குந்தியிருந்தாள். பிறகு யாரோ மணியடித்துக் கூப்பிடவே எழுந்து போனாள்.

இறங்கி வெளியே வந்தபோது மருமகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மஞ்சள் விமானம் வந்ததிலிருந்து அங்கேயே நிற்கிறான். மாமா அதில் வரவில்லை என்றதும் விசாரிக்கப் போயிருக்கிறான். ஒப்பீட்டில் இருக்கிற முட்டி எங்கே இருக்கிறது என்பது முடிவு வெளியாகிறவரை ரகசியம் என்று சொல்லிவிட்டார்களாம். எந்த நிமிஷமும் வந்துவிடுவார், அம்மாவிடம் கூட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்று நகராமல் நின்றிருக்கிறான்.

"மாமா" என்றான். "நான் இங்க உங்களுக்காக நின்னுக்கிட்டு இருந்தேன். அங்க ஆஸ்பத்திரியில இருந்து..."

மேலே சொல்ல முடியாமல் அவருடைய தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் அக்காவின் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் உள்ளே போய் அவள் நெற்றியில் கை வைத்தார். சில்லென்றிருந்தது. முகம் மட்டும் தெளிவாக, எதையோ கேட்டுப் பதில் கிடைத்துவிட்டதுபோல இருந்தது. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். மருமகன் கையெழுத்துப் போடக் கீழே போனான்.

அவர் வெளியே வந்தபோது வராந்தா பெஞ்சில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்தார். கண்ணைப் பார்க்கவில்லை.

"பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

"முழிச்சுட்டான் அண்ணே. உன்ன யாரு வரச் சொன்னா, எதுக்கு இவ்வளவு செலவுன்னு திட்டினான். அவன் திட்டினதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. உடனே இங்க ஓடியாந்தேன்." டிரைவர் நிறுத்தினார். "அண்ணே, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். நீங்க என்ன அடிச்சாலும் சரி."

"சொல்லுங்க."

"நீங்க சொன்ன மாதிரிதான் சொல்ல வந்தேன். பக்கத்துல போயி, அக்கான்னு கூப்பிட்டேன். கண்ணு சரியாத் தெரியல போல. கையத் தூக்கித் துழாவினாங்க. நான் கையக் குடுத்தேன். கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. வந்துட்டியாடான்னாங்க. நான் தம்பி இல்லீங்க, அவரு வந்துக்கிட்டே இருக்காருன்னு சொல்லணும்னு வாயத் திறந்தேன். வரல அண்ணே. வந்துட்டேன் அக்கான்னு சொல்லிட்டேன்."

ஜெராக்ஸ் கடைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அப்புறம்?"

"சாப்பிட்டியாடான்னு கேட்டாங்க."

"அதான் கேப்பா" என்றார் இவர். "எப்பவும் அதான் முதல்ல கேப்பா."

"நேத்துல இருந்து பச்சத் தண்ணிகூட நான் குடிக்கல. ஆனா சாப்பிட்டேன் அக்கான்னு சொன்னேன். சரின்னாங்க. கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் கை மட்டும் லேசாச்சு. நான் உங்க இடத்துல புகுந்துட்டேன். மன்னிச்சுருங்க அண்ணே."

ஜெராக்ஸ் கடைக்காரர் டிரைவரின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய பெரிய கை.

"இந்தக் கையா?"

"ஆமாண்ணே."

"அப்போ அவ கை சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சு. நல்லா சூடா இருந்துச்சு."

அவர் அந்தக் கையை விடவில்லை. ஒரு நர்ஸ் அவர்களைப் பார்த்துவிட்டு, காலடிச் சத்தம் கேட்காமல் சுற்றிக்கொண்டு போனாள். அப்போது அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது. விமான நிலையத்திலேயே மருமகன் புது சிம் போட்டுக் கொடுத்திருந்தான்; பெட்டி வந்து சேராததால் அந்த நம்பரை விமானக் கம்பெனிக்கும் சொல்லியிருந்தான்.

"சார், ஆணையத்துல இருந்து பேசறேன்" என்றாள் ஒப்பீட்டாளர் பெண். "ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கு. மஞ்சள் நல்லா இருந்துச்சா, பச்சை நல்லா இருந்துச்சா?"

"மஞ்சள்."

"காரணம் சார்?"

"அது முன்னாடியே வந்து சேந்துருச்சும்மா."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "நேரம் எங்க பிரிவுல வராது சார். முட்டி சம்பந்தமா ஏதாவது..."

"நீங்களே பாத்து ஏதாவது போட்டுக்கங்கம்மா."

அவள் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டி முடித்தாள். ஆனால் போனை வைக்கவில்லை.

"சார், உங்க அக்கா எப்படி இருக்காங்க?"

"அது உங்க கேள்வியில இருக்காம்மா?"

"இல்ல சார். நானாத்தான் கேக்கறேன்."

டிக்கெட் எடுத்ததிலிருந்து அவரிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருந்தார்கள். தூக்கம் வந்ததா, போர்வை போதுமா, முட்டி எப்படி என்று கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. சின்னப் பெண், மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். முடியவில்லை.

"தம்பி வந்துட்டான்னு நினைச்சுக்கிட்டே போயிட்டாம்மா" என்றார்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அடக்க முடியாமல் ஒரு விம்மல் கேட்டது. பின்னால் யாரோ அவளை வேலையைப் பார்க்கச் சொல்லி அதட்டினார்கள்.

"அழாதம்மா" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் அவளைத் தேற்ற ஆரம்பித்தார்.